நான்கு மணி நேரப் பிழை

திபிலிசி. க்ல்தானிப் பகுதி. ஒன்பதாம் மாடி.
எங்கள் லிஃப்டில் ஏறக் காசு, இறங்க இலவசம்.
விவாகரத்துத் தீர்ப்பு வந்த அன்று
ஒரே நாணயத்தில்
இருவரும் ஏறினோம்.

வீட்டை விற்றால் வரும் பணத்தில்
ஆளுக்கொரு கதவுகூட வாங்க முடியாது.
அலமாரியை இழுத்து நடுவில் நிறுத்தினோம்.
ஜும்பருக்குப் பால்கனி.
எனக்கு அடுப்பும் அதன் சூடும்.
குளியலறைக்கு ஒரு கால அட்டவணை.
நாயை எழுதிப் பிரிக்கவில்லை, அது இஷ்டத்துக்குப் போய்வரும்.

மிச்சம் ஒரு லேப்டாப்.

எனக்கு விண்டோஸ் இல்லாமல் ஆகாது.
மூன்று ரொட்டிக்கடைகளின் வரவுசெலவு எழுதும் மென்பொருள்
வேறெதிலும் ஓடமாட்டேன் என்கிறது.
அவனுக்கு லினக்ஸ்.
மலைச்சரிவுகளில் நட்டுவைத்த கருவிகள்
இரவெல்லாம் எண்களை அனுப்பும்,
மண் எத்தனை மில்லிமீட்டர் நகர்ந்தது என்று.

ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தோம், பாகப்பிரிவினைக்கு.
ஐநூற்றுப் பன்னிரண்டு ஜிபி.
என் பங்கைச் சுருக்கப் போனால்
நகர்த்த முடியாத கோப்புகள் உள்ளன என்றது திரை.
"உன்னை மாதிரியே" என்றான்.
நான் தேநீரை அவனுக்கு ஊற்றாமல் குடித்தேன்.

இருநூற்று நாற்பது எனக்கு, அதேயளவு அவனுக்கு.
மீந்த துண்டுக்குப் 'பொது' என்று பெயர்,
இரண்டு பக்கமிருந்தும் திறக்கும்.
அதில் மின்கட்டண ரசீதுகள்,
நாயின் தடுப்பூசி அட்டை.

வழக்குமன்றத்தில் போடாத சண்டையை
பூட் மெனுவுக்குப் போட்டோம்.
யார் பெயர் மேலே?
எத்தனை வினாடி காத்திருக்கும்?
கடைசியில் மேலே அவன்.
முப்பது வினாடி, எனக்காக.
நான் பல் துலக்கிக்கொண்டே வந்து
கீழ் அம்பை அழுத்துவேன்.

கடிகாரத்தை யாரும் யோசிக்கவில்லை.

உள்ளே பொத்தான் அளவு பேட்டரியில்
ஒரு சின்னக் கடிகாரம் ஓடுகிறது.
அதிலிருப்பது இந்த ஊர் நேரம் என்பது விண்டோஸின் நம்பிக்கை.
உலகத்துக்குப் பொதுவான நேரம் என்பது லினக்ஸின் நம்பிக்கை.
இரண்டுக்கும் நடுவே நான்கு மணி நேரம்.
அவன் வேலை முடித்து அணைக்கும்போது
தன் கணக்கைக் கடிகாரத்தில் எழுதிவிட்டுப் போகும் அவன் பக்கம்.
காலை ஒன்பதுக்கு நான் திறந்தால்
என் திரையில் ஐந்து.

அப்படித்தான் தெரியும் எனக்கு,
இரவு அவன் தூங்கவில்லை என்று.
ஒன்பதே காட்டினால்
தூங்கியிருக்கிறான்.

பிப்ரவரியில் ராச்சா மலைக்குப் போனான்.
ஒரு கிராமம் மெல்ல வழுக்குகிறதாம்,
சிக்னல் கிடைக்காது.
பதினோரு நாள் கடிகாரம் சரியாக இருந்தது.
எழுந்ததும் முதலில் அதைத்தான் பார்த்தேன்.
சரி. சரி. மறுபடியும் சரி.

நான்காம் நாள் விண்டோஸ் தன்னைப் புதுப்பித்துக்கொண்டது.
மறுநாள் மெனுவே இல்லை.
நிற்காமல், கேட்காமல்
நேராக என் பெயரில் திறந்தது.
அவன் பாதி அங்கேயேதான் இருந்தது, ஒரு எழுத்தும் அழியாமல்.
வாசல் மட்டும் இல்லை.

இரண்டு நாள் அப்படியே விட்டுவைத்தேன்.
பொய் சொல்ல என்ன இருக்கிறது, வசதியாகத்தான் இருந்தது.

மூன்றாம் இரவு பென் டிரைவைத் தேடியெடுத்தேன்.
கறுப்புத் திரை, வெள்ளைக் கட்டளைகள்.
ஒரு எழுத்துப் பிழையால் முதல் முறை கெட்டது.
எந்தத் துண்டு அவனுடையது என்று
அளவை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது,
இரண்டும் இருநூற்று நாற்பது.
உள்ளே எட்டிப் பார்க்க வேண்டியிருந்தது.
கோப்புறைகள் எல்லாம் ஊர்ப் பெயர்கள், தேதிகள்.
எதையும் திறக்கவில்லை.
ஒன்றே முக்காலுக்கு மெனு திரும்பி வந்தது,
மேலே அவன், கீழே நான்,
முப்பது, இருபத்தொன்பது, இருபத்தெட்டு.

வெள்ளிக்கிழமை வந்தான்,
பூட்ஸ் நிறையச் சேறு.
நான் சொல்லவில்லை, அவன் கேட்கவில்லை.
நாய் அலமாரிக்கு அந்தப் பக்கம் போய்ப் படுத்தது.

சனிக்கிழமை காலை ஒன்பதுக்குத் திறந்தேன்.
ஐந்து.

ஒரே ஒரு வரி போதும் இதைச் சரிசெய்ய.
அந்த வரி எனக்குத் தெரியும்.
அவனுக்கும் தெரியும்.

கையால் ஒன்பதாக்கிவிட்டு
ரொட்டிக் கணக்கைத் திறந்தேன்.